சிண்ட்ரெல்லா கதையின் ஆசிய வடிவங்கள்: குழந்தைகளுக்கு எதைச் சொல்வது, எதை விடுவது?

கதைநேரம் எழுதியது:

வணக்கம். ஏழிலிருந்து பத்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை கதை சொல்லி வருகிறேன். சிண்ட்ரெல்லா அவர்களுக்கு மனப்பாடம். கண்ணாடிச் செருப்பு, பூசணிக்காய் வண்டி, பன்னிரண்டு மணி என்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதனால் அடுத்த சில வாரங்கள் சீனா, வியட்நாம், கொரியா, இந்தோனேசியா என்று ஆசியாவைச் சுற்றி வரலாம் என்று நினைத்தேன்.

சிக்கல் என்னவென்றால், படப்புத்தகங்களில் கிடைப்பவை எல்லாம் ஒரே கதையாக இருக்கின்றன. உடுப்பும் கூரையும்தான் மாறுகின்றன. நல்ல பெண், கெட்ட சித்தி, திருவிழா, செருப்பு, கல்யாணம். சரி, முழு வடிவத்தைத் தேடிப் படிப்போம் என்று வியட்நாம் கதையை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் தூக்கிவாரிப் போட்டது. படித்தவர்களுக்குத் தெரியும், இங்கே எழுத மனம் வரவில்லை.

இன்னொரு விஷயம். கூட்டத்தில் ஒரு குழந்தை போன வருடம்தான் அம்மாவை இழந்தாள். இந்தக் கதைகள் எல்லாமே அம்மா இறந்துபோவதில் தொடங்குகின்றன. சொல்லலாமா, இந்த யோசனையையே விட்டுவிடலாமா? எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மரப்பாச்சி எழுதியது:

சீனாவிலிருந்து தொடங்குங்கள். யெ ஷியன் கதை. 9ஆம் நூற்றாண்டின் நடுவில், தாங் வம்சக் காலத்தில், துவான் செங்ஷி என்பவர் எழுதிவைத்தது. பிரான்சில் ஷார்ல் பெரோ கண்ணாடிச் செருப்புக் கதையை அச்சிட்டது 1697இல். இடையில் 800 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. 'இது சிண்ட்ரெல்லாவைப் பார்த்து எழுதியதா?' என்று ஏதாவது ஒரு வாண்டு கேட்கும். அப்போது இதைச் சொல்லிக்கொள்ளலாம். மற்றதைக் கதைப்பெட்டி அக்கா வந்து சொல்வார், அவர் இதில் ஊறியவர்.

---

கதைப்பெட்டி எழுதியது:

மரப்பாச்சி என்னை இழுத்துவிட்டுவிட்டார், நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள். 'சீன சிண்ட்ரெல்லா', 'கொரிய சிண்ட்ரெல்லா' என்று பெயர் சொல்லித் தொடங்காதீர்கள். அப்படிச் சொன்ன நிமிடமே குழந்தைகள் கதை கேட்பதை விட்டுவிட்டு ஒப்பிடப் போய்விடுவார்கள். வண்டி எங்கே, தேவதை எங்கே என்று. கதை முடிந்த பிறகு அவர்களே கண்டுபிடிக்கட்டும், கண்டுபிடித்துவிட்டோம் என்று கத்தட்டும்.

இந்தக் கதைகளில் செருப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு மீன்தான் கதை. அந்தப் பெண்ணுக்கு உதவுவது யார் என்று பாருங்கள். பெரோவின் கதையில் ஒரு தேவதை ஞானத்தாயாக வந்து, மந்திரக்கோலை ஆட்டிவிட்டுப் போகிறாள். சிண்ட்ரெல்லா அவளுக்காக எதுவும் செய்ததில்லை. ஆசியக் கதைகளில் பெரும்பாலும் உதவி செய்வது, அந்தப் பெண் தன் சோற்றில் பாதியைப் போட்டு வளர்த்த ஓர் உயிர். சீனாவிலும் வியட்நாமிலும் மீன், தாய்லாந்தில் பொன்னிற மீன், பர்மாவில் ஆமை, பிலிப்பைன்ஸில் நண்டு, ஈரானில் பசு. அதைக் கொன்றுவிடுகிறார்கள், அதன் பிறகும் அது உதவுகிறது. படப்புத்தகக்காரர்கள் முதலில் வெட்டுவது இந்த இடத்தைத்தான். குழந்தை அழுமாம். அதனால்தான் எல்லாம் ஒரே கதையாக உங்களுக்குத் தெரிகிறது. மீனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது செருப்புதானே.

யெ ஷியன் கதையை முழுதாகச் சொல்கிறேன், எவ்வளவு இருக்கிறது பாருங்கள். துவான் செங்ஷி இதைக் கேட்டது தன் வீட்டில் முன்பு வேலை பார்த்த லீ ஷியுவான் என்பவரிடம். அவர் சீனத்தின் தென்கோடியில், இன்றைய குவாங்ஷி பகுதியில் இருந்த குகைவாழ் மக்களில் ஒருவர். ஆக, இது அரண்மனைக் கதையாகப் பிறந்ததில்லை, மலைக்காட்டுக் கதை. குகைத் தலைவனுக்கு இரண்டு மனைவிகள். யெ ஷியனின் அம்மா இறந்துபோகிறாள், கொஞ்ச காலத்தில் அப்பாவும். சித்தி அவளை ஆபத்தான மலையில் விறகு வெட்டவும், ஆழமான இடத்தில் தண்ணீர் மொள்ளவும் அனுப்புகிறாள். ஒருநாள் தண்ணீரோடு இரண்டு அங்குல மீன் ஒன்று வருகிறது. சிவப்புத் துடுப்பு, பொன் கண். கிண்ணத்தில் விடுகிறாள். வளர வளரப் பாத்திரத்தை மாற்றிக்கொண்டே போகிறாள், கடைசியில் குளத்தில் விடுகிறாள். அவள் வந்தால் மட்டும் அது கரையில் தலையை வைத்துப் படுக்கும். வேறு யார் வந்தாலும் வராது.

சித்தி என்ன செய்கிறாள்? யெ ஷியனுக்குப் புதுச் சட்டை கொடுத்து, தூரத்து ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு, அவளுடைய பழைய சட்டையைத் தான் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போய் மீனைக் கூப்பிடுகிறாள். கத்தி கைச்சட்டைக்குள். மீன் தலையைத் தூக்குகிறது. இந்த இடத்தில் என் கூட்டத்தில் ஒரு பையன் எழுந்து நின்று 'போகாதே!' என்று மீனைப் பார்த்துக் கத்தினான். அதற்கப்புறம் செருப்பைப் பற்றி யாராவது கவலைப்படுவார்களா?

மீனைத் தின்றுவிட்டு முள்ளைச் சாணக்குவியலுக்கு அடியில் புதைக்கிறாள். அவிழ்ந்த தலைமுடியும் முரட்டுத் துணியுமாக ஒருவர் வானத்திலிருந்து இறங்கி வந்து, 'அழாதே, முள்ளை எடுத்து உன் அறையில் ஒளித்துவை, வேண்டியதைக் கேள்' என்கிறார். அப்புறம் குகைத் திருவிழா. சித்தி அவளைத் தோட்டத்துப் பழ மரங்களுக்குக் காவல் வைத்துவிட்டுப் போகிறாள். இவள் மீன்கொத்தி இறகு நிற மேலாடையும் தங்கச் செருப்பும் அணிந்து போகிறாள், தங்கை அடையாளம் கண்டுகொண்டது தெரிந்ததும் ஓடி வருகிறாள், ஒரு செருப்பு போய்விடுகிறது. சித்தி வீடு திரும்பிப் பார்த்தால், யெ ஷியன் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். 1100 ஆண்டுகளுக்கு மேலான கதையில் இந்த ஒரு வரி எப்படிப் பிழைத்து வந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். தயவுசெய்து இதை வெட்டிவிடாதீர்கள்.

செருப்பு கைமாறிக் கைமாறி, பல தீவுகளை ஆளும் தோஹன் நாட்டு அரசனிடம் போகிறது. யார் போட்டுப் பார்த்தாலும் ஓர் அங்குலம் சிறிதாகிவிடுகிறது. சின்னப் பாதம்தான் அழகு என்று குழந்தைகள் மனதில் பதிவதில் எனக்கு விருப்பமில்லை. அதே கதையில் அந்தச் செருப்பு இறகு போல லேசானது, கல்லில் மிதித்தாலும் சத்தம் வராது என்றும் இருக்கிறது. நான் அதைப் பிடித்துக்கொள்வேன். எல்லோரையும் சத்தமில்லாமல் நடந்து காட்டச் சொன்னால் பத்து நிமிடம் ஓடிவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகும் கதை இருக்கிறது. அரசன் பேராசைக்காரன். முள்ளிடம் நகை நகையாகக் கேட்கிறான். ஒரு வருடம் கொடுக்கிறது, அடுத்த வருடம் வாயை மூடிக்கொள்கிறது. கடற்கரையில் முத்துகளோடு புதைக்கிறான், ஒருநாள் அலை வந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுகிறது. இளவரசன் என்றாலே நல்லவன் என்று நம்பிக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கு இது நல்ல மருந்து. சித்தியும் அவள் மகளும் பறந்து வந்த கற்கள் பட்டு இறக்கிறார்கள். அப்போதும் ஊர் மக்கள் இரக்கப்பட்டு அவர்களை அடக்கம் செய்கிறார்கள் என்று கதை சொல்கிறது. கெட்டவர்களுக்கும் குழி தோண்ட ஆள் வந்தது என்பதைக் கேட்டு ஒரு சிறுமி 'பாவம்தான்' என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி, அம்மாவை இழந்த குழந்தை. இதற்குத்தான் சீனக் கதையை முதலில் வைக்கச் சொல்கிறேன். துவான் செங்ஷி எழுதியதில் அந்த மீன் அம்மாதான் என்று எங்குமே இல்லை. சில குழந்தைப் புத்தகங்களில் பின்னால் சேர்த்துவிட்டார்கள். தாய்லாந்துக் கதையிலும் பிலிப்பைன்ஸ் கதையிலும் அம்மாவே மீனாகவோ நண்டாகவோ வருகிறாள், அது இவளுக்கு இப்போது கனம். சீன வடிவத்தில் மீன் வெறும் மீன். அந்தக் குழந்தைக்கு அது அம்மாவாகத் தெரிந்தால் தெரியட்டும், தெரியாவிட்டால் வேண்டாம். நீங்கள் வாய் திறக்காதீர்கள். முன்கூட்டியே வீட்டில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அன்றைக்கு அவளை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். எழுந்து போக நினைத்தால் போகலாம் என்று முன்பே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள், அவளுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டாம்.

வியட்நாமின் தாம் காம் கதைக்கு வருகிறேன். தாம்தான் கதாநாயகி, அரசனை மணப்பவள்; காம் சித்தியின் மகள். பாதிக் கதை கல்யாணத்துக்கு அப்புறம்தான் நடக்கிறது. அப்பாவின் திதிக்காகத் தாம் பாக்கு மரம் ஏறுகிறாள், சித்தி மரத்தை வெட்டுகிறாள், தாம் இறக்கிறாள். தங்கை காம் அவளுடைய இடத்துக்கு அரண்மனை போகிறாள். தாம் மாங்குயிலாக வருகிறாள். கொன்று இறகைப் புதைத்தால் இரண்டு மரங்கள் முளைக்கின்றன, அரசன் அவற்றில் தூளி கட்டிப் படுக்கிறான். மரத்தை வெட்டித் தறி செய்தால் தறி காமைத் திட்டுகிறது. எரித்துச் சாம்பலைக் கொட்டினால் அங்கே ஒரு மரம், அதில் ஒரே ஒரு மணக்கும் பழம். ஒரு கிழவி 'என் பைக்குள் விழு, தின்ன மாட்டேன், முகர்ந்து பார்ப்பேன்' என்று கெஞ்ச, அது விழுகிறது. அவள் வெளியே போனதும் பழத்திலிருந்து தாம் வந்து வீடு கூட்டிச் சோறு ஆக்கி வைக்கிறாள். கடைசியில் அரசன் அவளைக் கண்டுபிடிப்பது செருப்பால் இல்லை, அவள் வெற்றிலை மடித்து வைத்திருக்கும் விதத்தால்! வெற்றிலை மடிப்பில் ஆளைத் தெரிந்துகொள்வது நமக்கு எவ்வளவு எளிதாகப் புரிகிறது பாருங்கள். இந்தப் பகுதி போனால் கதையே போயிற்று.

உங்களைத் தூக்கிவாரிப் போட்ட முடிவைத் தாராளமாக விடலாம். தாம் தன் தங்கையைக் கொதிநீரில் கொன்று, ஊறுகாய் போல ஊறவைத்து, சித்திக்கே அனுப்புவது. அந்த முடிவைப் பற்றி வியட்நாமிலேயே பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது, குழந்தைப் புத்தகங்களில் அதை மாற்றியும் இருக்கிறார்கள். என் வழக்கம் இதுதான்: சாவைச் சொல்வேன், சமையலைச் சொல்ல மாட்டேன். தாம் திரும்பி வந்தாள், சித்தியும் மகளும் அரண்மனையை விட்டு ஓடினார்கள், அவ்வளவு. வெட்டுவதானால் கடைசியில் வெட்டுங்கள், நடுவில் கை வைக்காதீர்கள்.

இந்தோனேசியாவுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். பாவாங் பூத்தே, பாவாங் மேரா என்ற இரண்டு பெண்கள், பெயர்களே பூண்டும் வெங்காயமும். ஆற்றில் துணி அடித்துக்கொண்டு போகிறது, அதைத் தேடிப் போன பூத்தே ஒரு கிழவி வீட்டில் வேலை செய்து, கூலியாகச் சின்னப் பூசணியை எடுத்துக்கொள்கிறாள், உள்ளே நகை. பெரிய பூசணியை எடுத்தவளுக்குப் பாம்பு. பரவலாகச் சொல்லும் இந்த வடிவத்தில் இளவரசனே கிடையாது. ஏழு வயதுக்காரர்களுக்கு இது போதும்.

---

சின்னம்மா எழுதியது:

கதைப்பெட்டி அக்கா, நான் இந்தக் கதைகளில் வரும் 'கெட்டவள்'. அதாவது ஒரு பையனுக்கு நான் சித்தி. அவனுக்கு நாலு வயதாக இருக்கும்போது இந்த வீட்டுக்கு வந்தேன். பள்ளியில் இப்படி ஒரு கதை கேட்டுவிட்டு வந்து, 'நீங்கள் என்னை விறகு வெட்ட அனுப்புவீர்களா?' என்று கேட்டான். சிரித்துவிட்டுத்தான் கேட்டான், ஆனாலும் கேட்டான். மீனைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள், சரி. வாரா வாரம், நாடு மாறி நாடு, எல்லாச் சித்தியும் கத்தியோடுதான் வருவாளா? அந்தக் கூட்டத்தில் என் பையனைப் போல ஒருவன் உட்கார்ந்திருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்?

---

கதைப்பெட்டி எழுதியது:

நியாயமான கேள்வி. தொடர்ந்து நாலு வாரம் சித்தி கொடுமைக் கதையே சொன்னால் அது பாடம் நடத்துவது போல ஆகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

சித்தி இல்லாத கதையும் இந்தக் குடும்பத்தில் இருக்கிறது. ஏ. கே. ராமானுஜன் சேகரித்த 'ஹஞ்சி' என்ற கன்னடக் கதை. அதில் மாற்றாந்தாயே கிடையாது. பொன்முடி கொண்ட ஒரு பெண். அந்த முடியால் ஆபத்து வரும் என்று தெரிந்து, பெற்ற தாயே மண்ணால் ஒரு முகமூடி செய்து மாட்டி வெளியே அனுப்புகிறாள். அந்த மண் முகமூடியோடு அவள் இன்னொரு வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்கிறாள். அவள் தனியாகக் குளிக்கும்போது முகமூடியைக் கழற்றுவதை அந்த வீட்டுப் பையன் பார்த்துவிடுகிறான். ஜப்பானில் ஹாச்சிகாசுகி என்று ஒரு கதை, இதற்குப் பக்கத்து வீடு. சாகும் நேரத்தில் அம்மா மகளின் தலையில் ஒரு பெரிய கிண்ணத்தைக் கவிழ்க்கிறாள், அது கழற்ற வராது. கடைசியில் கிண்ணம் உடைந்து உள்ளிருந்து பொன்னும் பட்டும் கொட்டுகின்றன. ஜப்பான் கதையில் சித்தி வருகிறாள், ஆனால் சீக்கிரம் கதையை விட்டே போய்விடுகிறாள். ஹஞ்சியில் ஏன் ஆபத்து என்ற பகுதி பெரியவர்களுக்கானது, குழந்தைகளிடம் 'ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது' என்றால் போதும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சித்தியைக் கெட்டவளாக்குவதில் பதிப்பாளர்கள் கையும் உண்டு. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில், ஸ்நோ வொயிட்டைக் கொல்லப் பார்ப்பது அவளைப் பெற்ற தாய். பின்னால் வந்த பதிப்புகளில்தான் அவளை மாற்றாந்தாயாக்கினார்கள். பெற்றவள் அப்படிச் செய்வாளா என்று சங்கடம், பழியைத் தூக்கி இன்னொருத்தி மேல் போட்டுவிட்டார்கள். அவர்கள் மாற்றலாம் என்றால் நாமும் மாற்றலாம். கொரியக் கதையில் சித்தியை எடுத்துவிட்டு 'அந்த வீட்டுப் பெரியவர்' என்று சொன்னாலும் கதை நிற்கும். உதவும் உயிரை எடுத்தால் நிற்காது.

உங்கள் பையன் சிரித்துக்கொண்டே கேட்டான் என்றீர்களே. பயந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டான்.

---

மரப்பாச்சி எழுதியது:

எனக்கு இதில் கொஞ்சம் மாறுபாடு. 'பெரியவர்' என்று மழுப்பினால் குழந்தைகள் 'யார் அது? ஏன் அப்படிச் செய்தார்?' என்று குடைவார்கள். சித்தி என்றே சொல்லிவிட்டு, அடுத்த வாரம் நல்ல சித்தி வரும் ஒரு கதையை நாமே கட்டிச் சொன்னால் என்ன? நாட்டார் கதை என்று பொய் சொல்லாமல், நான் கட்டியது என்று சொல்லியே. 1893இலேயே நாட்டார் கதை ஆய்வாளர் மேரியன் ரோல்ஃப் காக்ஸ் இந்தக் கதையின் 345 வடிவங்களைத் தொகுத்துவிட்டார். 346ஆவது நம்முடையதாக இருக்கட்டுமே.

---

சின்னம்மா எழுதியது:

இது பிடித்திருக்கிறது. என் பையனிடம் சொன்னேன், அதில் சித்தி மீனுக்குச் சோறு போட வேண்டுமாம், ஆனால் சமைக்கத் தெரியாதவளாம். யாரைச் சொல்கிறான் என்று புரிகிறது.

---

கதைநேரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதல் வாரம் யெ ஷியன், மரத்தைக் கட்டிப்பிடித்துத் தூங்குவது உட்பட. அந்தக் குழந்தையின் அத்தையிடம் பேசிவிட்டேன், அவரும் வந்து உட்காருகிறாராம். அடுத்த வாரம் ஹாச்சிகாசுகி, சித்தி பகுதியைச் சுருக்கமாக. மூன்றாவதாகக் கொரியக் கதை. நாலாவது வாரம் மரப்பாச்சி சொன்னபடி குழந்தைகளே கட்டும் கதை. தாம் காமைப் பெரிய குழந்தைகளுக்குத் தனியாக வைத்திருக்கிறேன்.

கொரியக் கதையில் மட்டும் ஒரு சந்தேகம். கோங்ஜ்வியின் செருப்பு ஓடையில் விழுந்து, அதிகாரி அவளைக் கல்யாணம் செய்வதோடு நிறுத்துவதா? அதற்குப் பிறகும் இருக்கிறது என்று படித்தேன். குளத்தில் தள்ளுவது, பூவாக வருவது எல்லாம்.

---

கதைப்பெட்டி எழுதியது:

எட்டு வயதுக்குக் கீழே என்றால் கல்யாணத்தோடு நிறுத்துங்கள், கொரியாவின் குழந்தைப் புத்தகங்கள் பலவும் அங்கேதான் நிற்கின்றன. பெரிய குழந்தைகள் கூட்டத்தில் அதிகம் என்றால் தொடருங்கள், சாப்பாட்டுக் குச்சிகள் வரும் இடத்துக்காகவே. தங்கை பட்ஜ்வி அவளைக் குளத்தில் தள்ளிவிட்டு மனைவி வேடம் போட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பாட்டி கணவரை விருந்துக்கு அழைத்து, ஒன்று நீளம், ஒன்று குட்டையாகக் குச்சிகளை வைக்கிறாள். அவர் 'ஜோடி சேரவில்லையே' என்று கோபப்படுகிறார். 'குச்சி ஜோடி மாறினால் தெரிகிறது, மனைவி மாறியது தெரியவில்லையா?' என்று ஒரு குரல் கேட்கிறது. அந்த வரிக்குக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பட்ஜ்விக்கு அதன்பின் நடப்பதும் வியட்நாம் முடிவு மாதிரிதான், அதை விட்டுவிடுங்கள்.

முன்பாதியில் ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பச் சொல்லும் இடத்தை மட்டும் அவசரப்படாமல் சொல்லுங்கள். பானையில் ஓட்டை, எவ்வளவு ஊற்றினாலும் ஒழுகுகிறது, என்ன செய்வாள் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். களிமண் என்பார்கள், துணி என்பார்கள், சூயிங்கம் என்றுகூட ஒருவன் சொல்வான். எல்லா யோசனையும் தீர்ந்த பிறகு தேரையைக் கொண்டுவந்து ஓட்டையில் உட்கார வையுங்கள். ஆனால் அதற்கு முன்பு ஒரு பழைய மண்பானையும், கீழே வைக்க ஒரு வாளியும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் செய்து பார்க்கக் கேட்பார்கள்.